பொம்மைக்கு மச்சான் கிடையாது

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முதலுதவிப் பயிற்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரைக்கும் எந்த மேடைக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்றதும் திடீரென்று அறிவாளி ஆகிவிட்டேன். அழைக்க வந்தவள் சத்யா. என் கடைசி வருஷங்களில் என்னோடு டியூட்டி பார்த்த நர்ஸ்.

"சிஸ்டர், முதலுதவியோட அடிப்படை விதிகள்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க. பழகிப் பாக்கப் பொம்மைகூட வந்துருக்கு" என்றாள்.

பொம்மையைப் பார்த்தேன். ரப்பரில் செய்த ஆள். நெஞ்சைச் சரியாக அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது. போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, அதற்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. மாமன் இல்லை, மச்சான் இல்லை, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல ஒரு பெரியப்பா இல்லை. என் சர்வீஸில் இப்படிப்பட்ட நோயாளி ஒருத்தர்கூட வந்ததில்லை.

அந்த மேடையில் நான் பேச நினைத்ததைப் பேச முடியாமல் போய்விட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மர ஆசாரி. பெரிய வீடுகளின் நிலைக்கதவுக்கு இழைப்புளி பிடித்தவர். நான் நர்ஸ் படிப்புக்குப் போனேன். விடுதி சாம்பாரில் பருப்பைத் தேடினோம், பரீட்சை எழுதினோம், தொப்பி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். முதலுதவிக்குப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. அதில் ஒரு படம். ஒருத்தர் கீழே கிடப்பார், இன்னொருத்தர் பக்கத்தில் மண்டியிட்டிருப்பார். மூன்றாவது ஆளே படத்தில் கிடையாது. நானும் பச்சைப்பிள்ளை மாதிரி அதை நம்பிக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் மூன்றாவது ஆள் யாரென்று தெரிந்தது. நோயாளியோடு ஒரு வேன் நிறைய வருவார் அவர்.

எங்கள் ஊரில் பலகாரம் சுடாத தெரு கிடையாது. எண்ணெய் தெறித்துக் கை வெந்து ஒரு சமையற்காரம்மா வந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளையாக எதையோ பூசியிருந்தார்கள். இட்லி மாவு. கூட வந்தவர்களுக்குள் அது புளித்த மாவா, புளிக்காத மாவா என்று சண்டை. புளித்ததுதான் குளிர்ச்சியாம். அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாவைக் கழுவக் கழுவத் தோலும் சேர்ந்து வந்தது. "சுட்ட உடனே குழாயத் திறந்து கையை அதுக்குக் கீழ ரொம்ப நேரம் காட்டிக்கிட்டு இருந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்றேன். மருமகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் தண்ணியா? இதச் சொல்லவா கவருமெண்டு சம்பளம் குடுக்குது?" என்றார்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். ஒருத்தர் கையில் வீட்டுச் சாவிக்கொத்தையே திணித்துக் கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சாவி என்றால் சாதாரணச் சாவி இல்லை, உலக்கைக்குத் தம்பி. வலிப்பில் அவர் கையை உதறியதில் பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கு நெற்றி பிளந்துவிட்டது. வலிப்பு தானாக நின்றுவிட்டது. தையல் சித்தப்பாவுக்குத்தான் போட்டோம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்காதீர்கள். இப்போது வாட்ஸ்அப் வந்து இன்னும் மோசம். நெஞ்சுவலி வந்தால் இருமிக்கொண்டே இருந்தால் போதும் என்று யாரோ அனுப்பியதை நம்பி, மானகிரியிலிருந்து ஆட்டோவில் ஒருத்தர் இருமிக்கொண்டே வந்தார். கூட வந்த தம்பியும் துணைக்கு இருமிக்கொண்டு வந்தார். இருவரில் யாருக்கு நெஞ்சுவலி என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஹெட் சிஸ்டர் ஜெபமணி. அகலமான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்துதான் வருவார். வருகிற வழியிலேயே சுற்றிலும் ஒரு நோட்டம். கண்ணாடித்துண்டு கிடக்கிறதா, மின்சார வயர் தொங்குகிறதா, நாம் வழுக்கி விழுவோமா? "நாம விழுந்தா அவருக்கு ஒத்தாசை இல்ல, அவருக்குத் துணைக்கு ஒரு ஆளு" என்பார். அப்புறம் நோயாளியின் தோளைத் தட்டி, காதருகே, "அய்யா, கண்ணைத் திறங்க" என்பார். பதில் வருகிறதா? அடுத்து கன்னத்தை அவர் மூக்கருகே வைத்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்பார். மூச்சு இருக்கிறதா? அதற்கப்புறம் கை உடம்பு முழுக்க ஒரு சுற்று. ரத்தம் எங்கே போகிறது? இது முடிகிறவரைக்கும் யார் என்ன கதை சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

முடிந்ததும் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்ப்பார். யார் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துகிறார்களோ அவரைக் கை நீட்டிக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொல்வார்: "அண்ணே, அவசரமா ஒரு சோடா வேணும். கோலி சோடாவாத்தான் வேணும். பன்னீர் சோடா ஆகாது."

அந்த ஆள் பறப்பார். அவர் பின்னாலேயே இரண்டு பேர் வழிகாட்ட ஓடுவார்கள். இடம் காலியாகும், காற்று வரும், நாங்கள் வேலையைப் பார்ப்போம்.

"சோடா எதுக்கு சிஸ்டர்? மயங்கிக் கெடக்குறவுக வாயில எதையும் ஊத்தக் கூடாதுன்னுதானே படிச்சோம், புரை ஏறிச் செத்துருவாகளே" என்று ஆரம்பத்தில் நான் கேட்டேன்.

"ஊத்தவா சொன்னேன்? வாங்கத்தானே சொன்னேன். வெரட்டுனா நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வருவாக. வேலை குடுத்தாப் போயிருவாகல்ல."

வந்த சோடாக்களை எங்கள் வார்டு ஆயாக்கள் குடித்தார்கள். மயங்கின எவரும் குடித்ததில்லை. ஹெட் சிஸ்டர் போன பிறகு அந்த வசனத்தை நான் எடுத்துக்கொண்டேன், எனக்குப் பின்னால் சத்யா எடுத்துக்கொண்டாள். கோலி சோடா வரவரக் கிடைக்காமல் போனது எங்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. தேடிப் போகிறவர் சீக்கிரம் திரும்ப மாட்டார்.

ஆஸ்பத்திரிக்குள் சட்டையில் பேட்ஜ் இருக்கும், பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் நிற்கும்போது அதெல்லாம் கிடையாது. ஒக்கூரில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

பெண்ணின் அப்பா வயிரவன் செட்டியார். அவர் மனைவி தெய்வானை ஆச்சிக்குக் காலில் சர்க்கரைப் புண் வந்து, நான்தான் கட்டுப் போட்டு ஆற்றினேன். அந்தப் பழக்கத்தில் எனக்குப் பத்திரிகை வந்தது. அதிகம் பேசாத ஆச்சி. கட்டுப் போடும்போதுகூட வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குடும்பம் சென்னையில். ஒக்கூர் வீடு ஆண்டு முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும், நடுநடுவே கல்யாண ஜோடிகள் வந்து தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். மகள் கல்யாணத்துக்காகத் திறந்து, வெள்ளையடித்து, வளவு முழுக்கச் சீர்ச் சாமான் பரப்பியிருந்தார்கள். வளவு என்றால் நடுமுற்றமும் அதைச் சுற்றிய கூடமும். செட்டியார் விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிரஷர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருந்தார். அதுவும் சித்திரை வெயில், கழுத்தில் மாலை, இடுப்பில் பட்டு வேட்டியின் மேல் இறுக்கிய பெல்ட்.

முகூர்த்தம் நெருங்கும்போது வளவுக்கு நடந்து வந்தவர், "எனக்கு என்னமோ..." என்று சொல்லிக்கொண்டே சரிந்தார். கீழே விழுந்திருந்தால் தானாகவே தெளிந்திருப்பார். விழவிடவில்லை. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

நாலு பேர் தாங்கிப் பிடித்து, கைவைத்த பெரிய பர்மாத் தேக்கு நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலை தொங்கியது. ஒருத்தர் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினார். இன்னொருத்தர் மாலையைச் சரிசெய்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மணவறையிலிருந்து "அப்பச்சி!" என்று மகள் கத்தினாள்.

மயக்கம் என்றால் என்ன? தலைக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். படுக்க வைத்தால் ரத்தம் தானாகப் போகும். உட்கார வைத்தால் போகாது, உட்கார்ந்தபடியே உயிர் போனாலும் போகும். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்தேன். நாடி எங்கோ ஆழத்தில், விட்டுவிட்டு.

"கீழ படுக்க வைங்க. உடனே!" என்றேன்.

ஆச்சியின் தம்பி அருணாசலம், பெண்ணுக்கு மாமா, அன்றைக்குக் கல்யாணத்தையே தூக்கி நிறுத்துகிறவர் என்று அவருக்கு நினைப்பு. என் மேல் பாய்ந்தார். "என்ன சிஸ்டர் பேசுறீக? திருப்பூட்டித் தாலி கட்டுற நேரம். கல்யாண வளவுல குடும்பத் தலைவரை நீட்டிக் கெடத்தச் சொல்றீக? அது எதுக்குப் பண்றதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வளவில் ஒருத்தரை நீட்டிப் படுக்க வைப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அதற்குச் சங்கு ஊதுவார்கள்.

ஒரு பெரியவர் சமாதானத்துக்கு வந்தார். "படுக்க வைக்கலாம்ப்பா, தலைய மட்டும் தெக்க வச்சுறாதீக." "வடக்கயும் ஆகாது" என்றார் இன்னொருத்தர். "அப்ப கெழக்க. ஆனா கெழக்க மணவறை இருக்கே, காலு அங்குட்டு வருமா, இங்குட்டு வருமா?" உட்கார்ந்திருந்தவருக்கு உதடு நீலம் பாரித்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் திசை பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு பேரையும் அறைந்திருப்பேன்.

அப்போது செட்டியாரின் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. மூளைக்கு ரத்தம் இல்லாமல் நிமிர்த்தியே வைத்திருந்தால் அப்படித்தான் இழுக்கும். "வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று வளவே கூவியது. எங்கிருந்தோ அதே மாதிரி ஒரு உலக்கைச் சாவி வந்துவிட்டது.

நான் அருணாசலத்தின் கையைப் பிடித்தேன். "அண்ணே, ஒங்களாலதான் முடியும். அவசரமா ஒரு சோடா வேணும். கோலி சோடாவாத்தான் வேணும். பன்னீர் சோடா ஆகாது."

"டேய், வண்டிய எடுடா!" என்று அவர் பாய்ந்தார். சாவியை வைத்திருந்தவரும் பின்னாலேயே ஓடினார்.

மிச்சம் இருந்தவர்கள் நாற்காலியை விடவில்லை. ஆச்சி மட்டும் என் எதிரே வந்து நின்றார். "படுக்க வச்சாப் பொழச்சுருவாகளா சிஸ்டர்?"

ஆமாம் என்று எப்படிச் சொல்வேன்? மயக்கமா, மாரடைப்பா என்று எனக்கே அப்போது தெரியாது. "அது எனக்குத் தெரியாது ஆச்சி. இப்படியே ஒக்கார வச்சிருந்தாப் பொழைக்க மாட்டாக."

ஆச்சி திரும்பினார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "மங்கலம் மங்கலம்ங்கிறீகளே, என் நெத்தியில இருக்கிறது மங்கலமில்லையா? விடுங்க கைய! கீழ எறக்குங்க அவுகள!"

இறக்கினார்கள். தலை எந்தத் திசையில் போனது என்று நான் பார்க்கவில்லை. பெல்ட்டைத் தளர்த்தினேன், மாலையைக் கழற்றி எறிந்தேன். காலைத் தூக்கி வைக்க உயரமாக ஏதாவது வேண்டும். சம்பந்தி வீட்டுக்கு வைத்திருந்த சீரில் ஒரு எவர்சில்வர் அண்டா, ரிப்பன் கட்டியபடி. அதைக் கவிழ்த்து ஆச்சியே இழுத்து வந்தார், அதன் மேல் இரண்டு காலையும் வைத்தோம். மூச்சு வருகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வந்தது. ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்த கேமராத் தம்பியிடம், "அத எறக்கிட்டுப் போனை எடு, ஆம்புலன்ஸக் கூப்பிடு" என்றேன். அத்தனை பேர் கூடியிருந்த வீட்டில் அதுவரைக்கும் அந்த ஒரு வேலையை யாரும் செய்திருக்கவில்லை.

இழுப்பு நின்றது. உதட்டில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. செட்டியார் கண்ணைத் திறந்தார். மேலே கூரையைப் பார்த்தார், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார்.

"சம்பந்தி வீட்டுல சாப்பிட்டாகளா?" என்றார்.

ஆச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தோளை அமுக்கிப் படுக்க வைத்தேன். உடனே எழுப்பினால் உடனே விழுவார்கள், அதுவும் ஒரு விதிதான். நெஞ்சு வலிக்கிறதா, கை மரத்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். முகூர்த்தம் தவறவில்லை. மகள் கழுத்தில் கழுத்துரு என்கிற செட்டிநாட்டுத் தாலி ஏறியதை அப்பச்சி அண்டாவில் காலை வைத்துப் படுத்தபடி கண் குளிரப் பார்த்தார். அதற்கப்புறம் நன்றாகத் தெளிந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அருணாசலம் வந்து சேர்ந்தார், கையில் கோலி சோடா. எங்கே போய்க் கண்டுபிடித்தாரோ! கட்டைவிரலால் கோலியை அமுக்கி டொப்பென்று உடைத்து மச்சான் வாயில் வைத்தார். செட்டியார் குடித்து, ஒரு ஏப்பம் விட்டு, எழுந்து நின்றார். ட்ரோன்காரத் தம்பி அதை மட்டும் அம்சமாகப் படம் பிடித்துவிட்டான்.

ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். இதயத்தில் கோளாறு இல்லை, பட்டினியும் வெயிலும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு என்ன கிடைத்தது? சீர் அண்டாவில் காலை வைத்துவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அண்டாவை மாற்றிக் கொடுக்கும்படி ஆனது. கல்யாண வீடியோவில் சோடா வருகிறது, நான் வரவில்லை. "மச்சான் மட்டும் சோடாவோட வரலேன்னா நான் அன்னைக்கே போயிருப்பேன்" என்று செட்டியார் போகிற இடமெல்லாம் சொன்னார். அருணாசலம் தன் காரில் நிரந்தரமாக ஒரு சோடாப் பெட்டி வைத்துக்கொண்டார். வயிறு எரிந்தது எனக்கு. ஆச்சியாவது சொல்லியிருக்கலாம். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது போன மாத மேடைக்கு வருகிறேன். போய்ப் பார்த்தால் தலைமை விருந்தினர் யார் தெரியுமா? வயிரவன் செட்டியார். அந்த ரப்பர் பொம்மையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தானாம். ஆச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

செட்டியார் எழுந்து மைக்கைப் பிடித்தார். "முதலுதவின்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு சோடாவோட அருமை..." என்று ஆரம்பித்தார். ஒக்கூர்க் கதை முழுக்க வந்தது. நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டரை மைக்குக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள், விசிறிக்குக் கொடுக்கவில்லை. பொன்னாடை, மாலை, புழுக்கம். சோடாவில் கோலி உடைகிற இடம் வந்தபோது, "எனக்கு என்னமோ..." என்றார்.

கல்லூரி முதல்வரும் இரண்டு பேராசிரியர்களும் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "தலைமை விருந்தினரை மேடையில எப்படிப் படுக்க வைக்கிறது?" என்றார் முதல்வர்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "படுக்க வைங்கய்யா! காலைத் தூக்கு! தலைய இல்லப்பா, காலை! நீ தள்ளு! நீ ஏன் அங்க நிக்கிற, இங்குட்டு வா! விசிறு! கூட்டம் போடாதே!" ஒலிபெருக்கி கல்லூரி முழுக்க அதிர்ந்தது. மாணவர்களுக்கு யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியவில்லை. ஒருத்தன் தலையைத் தூக்க, ஒருத்தன் காலைத் தூக்க, செட்டியார் தொட்டிலில் போட்டது மாதிரி நடுவில் தொங்கினார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அதற்குள் ஆச்சி மேடை ஏறிவிட்டார். "கீழ விடுங்க" என்று ஒரே வார்த்தை. விட்டார்கள். சத்யா மண்டியிட்டு அவர் மூக்கருகே கன்னத்தை வைத்தாள். ஆச்சி பெல்ட்டைத் தளர்த்தினார், மாலையைக் கழற்றினார், சுற்றுமுற்றும் பார்த்து, அந்த ரப்பர் பொம்மையை இழுத்து அதன் நெஞ்சின் மேல் புருஷன் காலைத் தூக்கி வைத்தார். பொம்மை பச்சை விளக்கைக் காட்டியது. நான் மைக்கில், "இன்னும் ஒசத்தி! இன்னும்!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஆச்சி நிமிர்ந்து கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் கண் என்மேல் வந்து நின்றது.

"சிஸ்டர், அவசரமா ஒரு சோடா வேணும். கோலி சோடாவாத்தான் வேணும். பன்னீர் சோடா ஆகாது" என்றார் ரொம்ப மரியாதையாக.

மைக்கை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடினேன். கல்லூரி வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, பெட்டிக்கடையில் மூச்சு வாங்க நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக எல்லாம் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் ஆச்சி.

கோலி சோடா இல்லை என்றான் கடைக்காரன். அப்போது கல்லூரி ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம். நான் கீழே வைத்துவிட்டு வந்த மைக் செட்டியார் தலைமாட்டில் கிடந்திருக்க வேண்டும். தெரு முழுக்க அவர் குரல் கேட்டது: "வந்தவுகல்லாம் சாப்பிட்டாகளா?"

ஒரு பன்னீர் சோடா வாங்கி நானே குடித்தேன்.